பத்துப் புளியங்கொட்டை

நான் நாகர்கோவில் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியன். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குச் சிறுநீரகப் பாடம் வருஷா வருஷம் நடத்துகிறேன். 1943-இல் நெதர்லாந்தில் வில்லெம் கோல்ஃப் என்ற டாக்டர் செல்லோஃபேன் குழாயை வைத்து ரத்தத்தைக் கழுவிய கதையைச் சொன்னால் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும். அதில் எனக்குக் கர்வம் உண்டு.

பெற்ற தாயிடம் அதே பாடத்தைப் பொய்யாக நடத்தினேன்.

அம்மைக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரம் மூன்று நாள், தடவைக்கு நாலு மணி நேரம், உயிரோடு இருக்கும்வரை டயாலிசிஸ். டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டுச் சொன்னார். அவள் வெளியே காத்திருந்தாள்.

"என்ன மக்களே சொன்னாரு?"

"பத்து தடவ ரத்தத்தக் கழுவினா சரியாயிரும்மா."

பத்து எங்கிருந்து வந்தது என்று இன்றும் தெரியவில்லை. அவள் மனசு உடையக் கூடாது என்று சொன்னதாகத் தங்கையிடம் பீற்றிக்கொண்டேன். அம்மை அழுவதைப் பார்க்க எனக்குப் பயம். அவ்வளவுதான். பணத்தைச் சாக்குச் சொல்லவும் வழியில்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையிலேயே எல்லாம் நடந்தது.

கழுத்தில் குழாய் போட்டார்கள். ஒரு தடவைக்கு ஏறத்தாழ 120 லிட்டர் கரைசல் வடிகட்டிக்குள் ஓடும் என்று எனக்குத் தெரியும். உடம்பு குளிரும், பிரஷர் இறங்கும், கெண்டைக்கால் பிடித்து இழுக்கும் என்பதும் தெரியும். அவளுக்கு ஒன்றையும் சொல்லவில்லை. முதல் நாள் கால் இழுத்தபோது, சாவு வந்துவிட்டதென்று என் கையை இறுகப் பிடித்தாள்.

கையில் ஃபிஸ்டுலா போட்டுவிடலாம் என்றார் டாக்டர். தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைப்பது. ஊசி குத்தத் தோதாக அது தடிக்க ஆறு வாரமாவது ஆகும். கழுத்துக் குழாய் நாள்பட்டால் கிருமி ஏறும்.

"பத்து தடவைக்கு எதுக்கு மக்கா கைய கீறணும்?" என்றாள்.

என் பொய்யின்படி அவள் கணக்கு சரி. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். அரை நிமிஷம் இருக்கும். வாயைத் திறக்கவில்லை.

அவள் பத்துப் புளியங்கொட்டையை ஒரு டப்பாவில் போட்டு, போய்வந்த நாளெல்லாம் ஒன்றை எடுத்து எறிந்தாள். மண்டைக்காட்டு அம்மனுக்கு மண்டையப்பம் நேர்ந்துகொண்டாள். பத்தாம் நாள் ஒரு சீப்பு மட்டிப்பழத்தோடு வந்தாள், எல்லாருக்கும் கொடுத்து விடைபெற. அங்கே படுத்திருந்தவர்களுக்கு வாழைப்பழமே ஆகாது. பொட்டாசியம். அதையும் நான் சொல்லியிருக்கவில்லை.

பக்கத்துக் கட்டிலில் தக்கலைக்காரர் ஒருவர். ஏழு வருஷமாக வருகிறவர். "பத்தா? இங்க அப்படி ஒரு கணக்கு கெடையாதே அம்மா" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். பழத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு படுத்தாள்.

அதன் பிறகு ஃபிஸ்டுலாவைப் பற்றிப் பேச்செடுத்தால், "இது டாக்டரு சொன்னதா, நீ சொன்னதா?" என்பாள். ஒரு மாதம் கை நீட்டவில்லை. எட்டாவது வாரம், மெஷினில் இருக்கும்போதே குளிர்காய்ச்சல் தூக்கிப்போட்டது. குழாய் வழியாகக் கிருமி ரத்தத்தில் ஏறியிருந்தது. பதினேழு நாள் படுக்கை. அவளைப் பார்த்துக்கொள்ள வந்த தங்கை, மார்த்தாண்டத்தில் ஜவுளிக்கடை வேலையை இழந்தாள். எழுந்த பிறகு அம்மையால் தனியாக நடக்க முடியவில்லை.

மேலும் ஒன்றரை வருஷம் இருந்தாள். என்மேல் கோபமில்லை. நான் சொல்லும் மணியைக்கூட சிஸ்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வாள்.