1919இல் முளைத்த மரங்கள்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஃபிளாக்ஸ்டாஃப் என்றொரு மலையூர் இருக்கிறது. சுற்றிலும் பாண்டரோசா பைன் காடு. மரம் வெட்டிய இடங்களில் பைன் கன்று திரும்ப வரவில்லையே என்று அங்கே மர ஆலைக்காரர்கள் கவலைப்பட்டார்கள். அதை ஆராய 1908இல் ஃபோர்ட் வேலி என்ற இடத்தில் வனத்துறை ஓர் ஆய்வு நிலையத்தைத் தொடங்கியது. பொறுப்புக்கு வந்தவர் குஸ்டாஃப் பியர்சன் என்ற இளைஞர். கன்று வராததற்குக் காரணம் இதுதான்: விதை விழுந்த ஆண்டில் மழை இராது, மழை வந்த ஆண்டில் விதை இராது. 1918இல் காய் ஏராளமாகக் காய்த்தது. அடுத்த வசந்தத்தில் ஈரமும் கூடிவந்தது. 1919இல் முளைத்தது பாருங்கள், அப்படி ஒரு முளைப்பு! கன்றே வரவில்லை என்று தொடங்கிய நிலையத்துக்கு, வந்த கன்றை என்ன செய்வது என்பதே அதற்கப்புறம் வேலையாகிவிட்டது.

முன்காலமாக இருந்தால் அத்தனையும் பிழைத்திருக்காது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை காய்ந்த புல்லைப் பற்றிக்கொண்டு தரையோடு தீ ஓடும். பட்டை தடித்த பெரிய மரங்கள் தாங்கிக்கொள்ளும். கன்றுகளில் பெரும்பங்கு கருகும். 1880களில் ரயில் வந்தது, ஆடுமாடுகள் பெருகின, புல் தீர்ந்தது, தீ ஓட வழியில்லாமல் போயிற்று. மீறிப் பற்றிய தீயை மனிதர்கள் அணைத்தார்கள். நல்ல எண்ணத்தோடுதான் அணைத்தார்கள். அந்தப் பகுதியின் ஒரு காட்டில் பின்னாளில் கணக்கெடுத்தபோது, 1876இல் ஏக்கருக்கு ஏறத்தாழ 23 மரங்கள் நின்ற இடத்தில் 1992இல் 1,250க்கும் மேல் நின்றன.

பாண்டரோசா பைனுக்கு ஒரு குணம் உண்டு. வேறு சில மரக்கூட்டங்களில் வலுத்தது மேலே போகும், மெலிந்தது தானே பட்டுப்போகும். இங்கே ஒரே வயதில் முளைத்தவை ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுப்பதில்லை. எல்லாமே உயிரோடு இருக்கும், எதுவுமே பருக்காது. நாற்பது வயதில் கைத்தடி கனத்தில் நிற்கும் மரங்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு. அத்தகைய புதர்க்காட்டை அங்குள்ளவர்கள் நாய்முடி என்று சொல்கிறார்கள்.

நம் ஊரில் நெல்லுக்கு நண்டு ஓடும் இடமும் தென்னைக்குத் தேர் ஓடும் இடமும் விட்டு நடச் சொன்னார்கள். அது நடும்போதே தீர்க்கிற கணக்கு. பைனில் அது போதாது. இளமையில் அதற்கு நெருக்கம் வேண்டும். பக்கத்து மரத்தின் நிழலில்தான் கீழ்க்கிளைகள் காய்ந்து விழும், தண்டு நேராகும், பலகையில் கணு குறையும். நூறு கன்று இருந்தால்தான் இருபது நல்ல மரத்தைப் பொறுக்கவும் முடியும். அந்த நெருக்கம் தன் வேலையை முடித்ததும் சில மரங்களை வெட்டி விலக்கிவிட வேண்டும். தவறான காலத்தில் கொடுத்தால் இடமும் கெடுதல்தான்.

1962இல் ஃபோர்ட் வேலியைச் சேர்ந்த டெய்லர் உட்ஸ் என்ற பகுதியில், 1919இல் முளைத்த அந்த மரங்களையே எடுத்துக்கொண்டு ஒரு சோதனை தொடங்கினார்கள். மார்பளவு உயரத்தில் எல்லாத் தண்டுகளையும் குறுக்கே அறுத்தால் கிடைக்கும் பரப்பைக் கூட்டிப்பார்ப்பது வனத்துறையினர் நெருக்கத்தை அளக்கும் முறை. ஏக்கருக்கு அது 30 சதுர அடி இருக்கும்படி ஒரு பாத்தி, 150 சதுர அடி இருக்கும்படி ஒரு பாத்தி, நடுவே பல படிகள். விலக்காமல் விட்ட பாத்தியும் உண்டு. பத்தாண்டுக்கு ஒருமுறை திரும்பவும் அளந்து, கூடியதை வெட்டினார்கள். தொடங்கும்போது அந்த மரங்களுக்கு வயது 43. அதுவரை நெருக்கடியில் நின்றவை, இடம் கிடைத்ததும் பருத்தன. அதிக இடம் கிடைத்த மரம் அதிகமாகப் பருத்தது. வறண்ட மாதங்களில் அதற்குத் தண்ணீர்த் தட்டுப்பாடு குறைந்தது. பட்டைத் துளைப்பான் வண்டுகளை விரட்டும் பிசினும் கூடுதலாக ஊறியது.

ஆனால் ஏக்கரின் மொத்தக் கணக்கு அப்படி இல்லை. நெருக்கமாக விட்ட பாத்திகளில்தான் மொத்த மரக் கனஅளவு அதிகம் சேர்ந்தது. சுவீடனில் 1966 முதல் நாடெங்கும் நாற்பத்தெட்டு பைன் காடுகளில் நடந்த நெடுநாள் சோதனையிலும் இதையே கண்டார்கள்: விலக்காத காடே மொத்தத்தில் அதிகம் தந்தது. மரத்தை விலக்கினால் காடு கூடுதலாக விளையும் என்பது சரியில்லை. வெயிலும் மழையும் மண்ணும் தரக்கூடியது ஓரளவுதான். அது ஆயிரம் குச்சிகளில் சேர்வதா, நூறு மரங்களில் சேர்வதா என்பது மட்டுமே வெட்டுகிறவன் கையில் இருக்கிறது. குச்சியை வாங்க ஆள் கிடையாது, மரத்தை வாங்க உண்டு.

எழுபதைத் தாண்டிய எனக்கு இந்தக் கணக்கு ஆறுதலாக இருக்கிறது. பொறுப்புகளைக் குறைத்தால் நிறையச் சாதிக்கலாம் என்று மேடையில் பேசுகிறார்கள். சாதிக்க முடியாது. ஒரு நாளுக்கு உள்ள தெம்பு அதேதான். வயதாக ஆகக் குறையவும் செய்யும். கோயில் திருப்பணிக் குழு, குடியிருப்போர் சங்கம், ஓய்வூதியர் சங்கம், இரண்டு கல்யாணத் தரகு, உறவில் ஒரு பாகப்பிரிவினைப் பஞ்சாயத்து என்று ஓடுகிறவர், எல்லாவற்றையும் விட்டு ஒன்றைப் பிடித்தவரைவிட மொத்தத்தில் அதிக வேலை செய்திருக்கவும் கூடும். அவர் செய்தது எதுவும் உத்திரமாகத் தாங்காது, அவ்வளவே. இன்னொன்று: சோதனைப் பாத்தியில் வெட்டப்பட்டவை எல்லாம் சொத்தை மரங்கள் அல்ல. நல்ல மரத்துக்காக வெட்டப்பட்ட நல்ல மரமும் உண்டு. கெட்டதை விட எல்லோருக்கும் தெரியும். நல்ல காரியத்தை விடுவதற்குத்தான் மனம் வராது.

இதை மனிதர்களுக்குப் பொருத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஆட்குறைப்பு செய்கிற முதலாளியும், மெதுவாகப் படிக்கிற பிள்ளையை வகுப்பிலிருந்து கழிக்கிற பள்ளியும் காட்டைத்தான் உதாரணம் சொல்வார்கள். எனக்கு அது அருவருப்பு. மரம் விற்பனைக்கு வளர்க்கப்படுவது, பிள்ளை அப்படி அல்ல. நம்முடைய சொந்த வேலைகளிலும் ஆசைகளிலும் மட்டும் வைத்துப் பார்க்கத் தகுந்த பாடம் இது.

ஒரே மூச்சில் வெட்டுவதும் ஆகாது. நெருக்கத்தில் வளர்ந்த மரம் உயரத்துக்கேற்ற பருமன் இல்லாமல், ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்தே நின்று பழகியது. திடீரென்று தனியே விட்டால் அடுத்த பனியிலோ காற்றிலோ வளைந்துவிடும். ஒடுங்கியிருந்த இலையும் வேரும் பெருகவே சில ஆண்டுகள் பிடிக்கும். டெய்லர் உட்ஸில் 1962, 72, 82 என்று தவணை போட்டு வெட்டியது அதனால் பொருத்தமே. ஓய்வு பெற்ற மறுநாளே எல்லாவற்றையும் உதறிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தவர்கள் படுக்கையில் விழுந்ததை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மினசோட்டாவின் சிவப்புப் பைன் காட்டிலிருந்து இன்னொரு செய்தியும் உண்டு. 49 வயதில் வறட்சி வந்தபோது நிறைய இடம் பெற்ற மரங்களே நன்றாகத் தாங்கின. 76 வயதில் வந்த வறட்சியில் நிலைமை தலைகீழ். தாராளமாக வளர்ந்த பெரிய மரத்துக்குத் தண்ணீர்த் தேவையும் பெரிது. அகலமாக வாழப் பழகியவர் முதுமையில் ஒடுங்க முடியாமல் தவிப்பதை, வீடு மாறும் நண்பர்களிடம் பார்க்கிறேன்.

அறுபதை நெருங்குகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு ஒரு பொறுப்பை விடுங்கள், அடுத்த ஆண்டு இன்னொன்று. விடுகிறதை உங்களைவிட இளையவர் ஒருவரிடம் கொடுங்கள். கொடுக்கும்போது கணக்கு நோட்டையும் பீரோ சாவியையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.