விளக்கு அறியாத விஷயம்

எங்கள் மோட்டார் காரில் எத்தனையோ விளக்குகள் உண்டு. மனித உருவமும் அதன் முன்னால் ஒரு பந்தும் போட்ட விளக்கு, சாவியைத் திருப்பியதும் சில வினாடி எரிந்து, எல்லாம் சரி என்று கண்டால் அணைந்துவிடும். சென்ற மாதம் அது அணையவேயில்லை.

"ஸீட்டுக்கு அடியில் ஒயர் லூஸாக இருக்கும் ஸார். ஒன்றும் பண்ணாது, ஓட்டுங்கள்" என்றார் மெக்கானிக். வண்டி ஓடும்தான். ஆனால் எங்காவது மோதினால் காற்றுப் பை விரியாமல் போகலாமே! வற்புறுத்திப் பார்க்கச் சொன்னேன். ஒயர்தான், விளக்கு அணைந்தது.

ஆனால் அந்த விளக்கு மின்சாரச் சுற்றைத்தான் சோதிக்கிறது. பையை ஊதவைக்கும் மருந்தின் நிலை அதற்குத் தெரியாது. ஜப்பானின் டகாட்டா கம்பெனி அதற்கு அம்மோனியம் நைட்ரேட்டை உபயோகித்தது. வருஷக்கணக்கில் உஷ்ணமும் ஈரமும் பட்டால் அது கெட்டுப்போகும். பிறகு சிறு மோதலில்கூட அளவுக்கு மீறி வெடித்து, உலோகக் கூட்டைச் சிதறடித்து, ஓட்டுகிறவர் கழுத்தில் பாய்ச்சிவிடும். பலர் மாண்டார்கள். அமெரிக்காவில் மட்டும் சுமார் 6 கோடியே 70 லட்சம் ஊதிகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. 2017-ல் குற்றத்தை ஒப்புக்கொண்ட கம்பெனி, அதே வருஷம் திவாலாயிற்று. 1933-ல் பாராசூட்டுக்கு உயிர்க்கயிறு நெய்ய ஆரம்பித்த கம்பெனி அது! படித்தபோது கோபத்தைவிடத் துக்கமே எனக்கு அதிகமாயிருந்தது.

எங்கள் வண்டியும் பழையது. அதன் சாஸி எண்ணைத் தங்கை மகனிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன்.

"விளக்குதான் அணைந்துவிட்டதே, மாமா!" என்று சிரித்தான். எண்ணைத் தட்டிப் பார்த்தபின் சிரிக்கவில்லை. பட்டியலில் எங்கள் வண்டி இருந்தது.

செவ்வாய்க்கிழமை இலவசமாகவே மாற்றித் தருகிறார்களாம். அதுவரை எனக்கு பஸ்தான்.