ஊற்றிலிருந்து ஊற்றுக்கு

வெள்ளிக்கிழமை மாலை பைக்கை டிரெய்லரில் ஏற்றும்போது எங்கள் வீட்டில் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். முன்சக்கரம் இரும்புக் கவ்வியில் சரியாக உட்கார வேண்டும். ஹேண்டில்பாரின் இருபுறமும் ஸ்ட்ராப் மாட்டி, முன்ஃபோர்க் பாதி அமுங்கும்வரை இழுக்க வேண்டும். அதற்குமேல் இழுத்தால் ஃபோர்க்கின் ஆயில் சீலுக்கு ஆபத்து. குறைவாக இழுத்தாலோ சாலைப் பள்ளத்தில் பைக் துள்ளி, ஸ்ட்ராப்பின் கொக்கி கழன்றுவிடும். பின்பக்கம் இன்னும் இரண்டு ஸ்ட்ராப். பெட்ரோல் குழாய் மூடியிருக்க வேண்டும். பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டும், வண்டியோடு டிரெய்லரை இணைக்கும் ஹிட்ச்சுக்குக் கீழே பெருக்கல் குறிபோலக் குறுக்காகப் போக வேண்டும். டிரெய்லர் ஹிட்ச் பந்திலிருந்து கழன்றாலும் அதன் மூக்கு தரையில் குத்தாமல் அந்தச் சங்கிலிகள் தூளிபோலத் தாங்கிக்கொள்ளும். எல்லாம் முடிந்தபின் என் மனைவி ஒவ்வொரு ஸ்ட்ராப்பையும் விரலால் சுண்டிப் பார்ப்பாள். தந்தி மீட்டினாற்போல் ஒலி வந்தால்தான் எஸ்யூவி கிளம்பும்.

நாங்கள் இருப்பது தெற்குக் கலிஃபோர்னியாவில், இர்வைனில். பைக் சுசுகி டி.ஆர்.இசட். 400 எஸ்: 144 கிலோ எடை, ஒற்றை சிலிண்டர், 10 லிட்டர் டேங்க். தார்ச்சாலையிலும் ஓடும், மண்பாதையிலும் ஓடும். "ஓட்டத்தானே வாங்கினாய், ஏன் சுமந்துகொண்டு போகிறாய்?" என்று நண்பர்கள் கேட்பதுண்டு. மொஹாவே பாலைவனத்தின் வாசலுக்குப் போகவே நானூறு கிலோமீட்டர் நெடுஞ்சாலை. கட்டை கட்டையாகப் பல் வைத்த டயர் சூடான கான்கிரீட்டில் தேய்ந்தே போகும். லாரிக் காற்றில் ஐந்து மணி நேரம் அதிர்ந்தபடி வந்தவனுக்கு, மணலில் இறங்கும்போது கையில் பிடி இருக்காது. அதைவிடப் பெரிய காரணம் தண்ணீர். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் என்பது அங்கே குறைந்தபட்சக் கணக்கு. மூன்று பேருக்கு இரண்டு நாள் தண்ணீர், சமையலுக்கு, கழுவ, வண்டி நின்றுபோனால் காத்திருக்க என்று நாற்பது லிட்டர் எடுத்துப் போகிறோம். அதைப் பைக்கில் கட்ட முடியாது.

நாங்கள் தேர்ந்தெடுத்தது மொஹாவே ரோடு. கொலராடோ ஆற்றங்கரையில் தொடங்கி மேற்கே கேம்ப் கேடிவரை சுமார் 220 கிலோமீட்டர். பெரும்பகுதி மண்ணும் மணலும். வழியில் ஒரு பெட்ரோல் பங்க்கூடக் கிடையாது. மணலில் என் பைக்கை ஒரு டேங்க்குக்கு 150 கிலோமீட்டருக்குமேல் நம்ப மாட்டேன். ஆகவே ஒரு குளிர்காலத்தில் மூன்று வார இறுதிகளாகப் பிரித்துக்கொண்டோம். நான் பாதையில் போவேன். மனைவியும் மகளும் காலி டிரெய்லரோடு தார்ச்சாலையில் சுற்றிவந்து முகாம் போட்டுக் காத்திருப்பார்கள்.

முதல் பயணத்திலேயே ஒரு பாடம் கிடைத்தது. கஹோன் கணவாயில் குறுக்குக் காற்று. கலிஃபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கு உச்ச வேகம் மணிக்கு 55 மைல். நான் அதற்குள்தான் போனேன். இருந்தும் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கியது. "சத்தம் மாறுதுங்க, ஓரங்கட்டுங்க" என்றாள் மனைவி. பிரேக்கை மிதிக்காமல் ஆக்சிலரேட்டரிலிருந்து மட்டும் காலை எடுத்தேன். ஆட்டம் தானாக அடங்கியது. இறங்கிப் பார்த்தால் தண்ணீர்க் கேன்களை டிரெய்லரின் பின்முனையில் அடுக்கியிருந்தேன். மொத்தச் சுமையில் பத்தில் ஒரு பங்காவது ஹிட்ச் பந்தின்மேல் அழுந்த வேண்டும். என் கேன்கள் மூக்கைத் தூக்கிவிட்டிருந்தன. பைக்கின் இடது ஸ்ட்ராப்பும் தளர்ந்து கிடந்தது. கேன்களை எஸ்யூவிக்குள் மாற்றினேன். அன்றிலிருந்து எங்கே நிறுத்தினாலும் டிரெய்லர் சக்கரத்தின் ஹப்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறோம். இளஞ்சூடு என்றால் சரி. கை பொறுக்காத சூடு என்றால் பேரிங்கில் கோளாறு.

சாலை தொடங்குமிடம் நெவாடா மாநிலம். எதிர்க்கரை அரிசோனா. கரையெங்கும் மொஹாவே மக்களின் ஊர்கள். இந்தப் பாதையே அவர்கள் நடந்து போட்டதுதான். கடற்கரைக் குடிகளோடு வாணிபம் செய்ய, ஓர் ஊற்றிலிருந்து அடுத்த ஊற்றுக்கு என்று கணக்கு வைத்து நடந்திருக்கிறார்கள். 1776இல் ஃபிரான்சிஸ்கோ கார்செஸ் என்ற ஸ்பானியப் பாதிரியாரை இவ்வழியே கூட்டிப் போனவர்கள் அவர்கள்தான். 1826இல் விலங்குத்தோல் வேட்டைக்காரர் ஜெடிடையா ஸ்மித் வந்தார். 1857இல் எட்வர்ட் பீல் வண்டிப்பாதைக்காக நிலத்தை அளந்துகொண்டு ஒட்டகங்களோடு வந்து ஆற்றைக் கடந்தார். பின்னால் ராணுவம் ஊற்றுக்கு ஊற்று காவல் முகாம் போட்டது. ரயில் வந்ததும் பாதையை எல்லோரும் மறந்தார்கள். அதை மீட்டெடுத்தவர் டென்னிஸ் கேஸ்பியர், கடற்படைக்கு வேலை பார்த்த ஓர் இயற்பியலாளர். நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு வழியைத் தேடிக் குறித்து, மைலுக்கு மைல் கையேடு எழுதினார். அந்தப் புத்தகம் இல்லாவிட்டால் என் சக்கரத்துக்கு அங்கே தடம் இருந்திருக்காது.

ஆற்றை விட்டு மேடேறினால் பையூட் ஓடை. 1867இல் கட்டிய கல்கோட்டையின் இடிந்த சுவர்கள், பக்கத்தில் வருடம் முழுக்க ஓடும் ஒரு சிறு நீர். இடுப்பளவு அகலம்கூட இல்லை. மூன்று மணி நேரம் கரடுமுரடாகக் குலுங்கி வந்தவனுக்கு அந்தச் சலசலப்பைக் கேட்டதும் தொண்டை அடைத்துக்கொண்டது.

அதற்கு மேற்கே லேன்ஃபேர் பள்ளத்தாக்கு. 1910களில் குடியேறியவர்கள் மழையை நம்பி உழுத நிலம். மழை பொய்த்தது, 1920களில் கிளம்பிப் போனார்கள். இப்போது ஜோஷுவா மரங்கள்தான் நிற்கின்றன. ராக் ஸ்பிரிங்கில் பெர்ட் ஸ்மித் என்பவர் கட்டிய கல்வீடு இருக்கிறது. முதல் உலகப்போரில் விஷவாயு பட்டு நுரையீரல் கெட்டவர். வறண்ட காற்றைத் தேடி இங்கே வந்தார், கால் நூற்றாண்டு வாழ்ந்தார். அன்றிரவு ஹோல் இன் த வால் முகாமில் எங்கள் கூடாரம். அங்கேவரை தார் இருப்பதால் டிரெய்லர் சிரமமில்லாமல் வரும்.

இரண்டாவது வார இறுதி அங்கிருந்தே தொடங்கியது. 1994 முதல் இந்த நிலம் மொஹாவே தேசியப் பாதுகாப்புப் பகுதி. நம்பர் பிளேட்டும் சாலையில் ஓடும் தகுதியும் உள்ள வண்டிதான் உள்ளே போகலாம், தடத்தை விட்டு விலகவும் கூடாது. வெறும் டர்ட் பைக்குக்கு இடமில்லை. இந்த விதியை நான் முழு மனதோடு ஏற்கிறேன். ஒரு சக்கரம் மேலோட்டைக் கிழித்தால் அந்தக் கீறல் பல பத்தாண்டுகள் ஆறாது. நிலம் பட்ட அடி வேறு இருக்கிறது. 2020 ஆகஸ்டில் மின்னலால் பிடித்த தீயில், வடக்கே சீமா குன்றில் சுமார் 13 லட்சம் ஜோஷுவா மரங்கள் கருகின.

மார்ல் ஊற்றைத் தாண்டினால் நடுக்காட்டில் ஒரு தபால் பெட்டி, அருகே கொடிக்கம்பம். கேஸ்பியரின் நண்பர்கள் 1983இல் நட்டது. தபால் எடுக்க யாரும் வருவதில்லை; உள்ளே ஒரு நோட்டு இருக்கும், போகிறவர்கள் பெயர் எழுதிவிட்டுப் போவார்கள். மணல் படிந்த பக்கங்களைப் புரட்டி, கையுறையைக் கழற்றி, மூன்று பேர் பெயரையும் தமிழில் எழுதினேன். பேனா மை குளிரில் உறைந்து இரண்டாம் முறைதான் பிடித்தது.

மூன்றாவது முறைக்கு ஒரு மாதம் காத்திருந்தோம். சோடா ஏரி காய வேண்டும். மேலே வெள்ளையாய், கெட்டியாய்த் தெரியும். மழை பெய்திருந்தால் அடியில் சேறு, லாரியையே விழுங்கும். போனபோது பொருக்குத் தட்டியிருந்தது; பைக் அப்பளத்தின்மேல் ஓடுவதுபோல் நொறுநொறுத்தது. ஏரி நடுவே பயணிகள் ஆளுக்கொரு கல் போட்டு எழுப்பிய குவியல். பாதுகாப்புப் பகுதியில் கல் எடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால், மகள் எங்கள் வீட்டுத் தோட்டத்துக் கல் ஒன்றில் பச்சைப் பெயின்ட்டில் மீன் வரைந்து தந்திருந்தாள். மூன்று பயணமும் அது என் ஜாக்கெட் பையில் இருந்தது. குவியலின் கிழக்குப் பக்கம், காற்று தள்ளாத இடமாகப் பார்த்து வைத்தேன்.

இந்த ஏரியில்தான் மொஹாவே ஆறு முடிகிறது. மலையில் பிறந்து, கடலுக்குப் போகாமல் பாலைவனத்துக்குள்ளேயே திரும்பி, பெரும்பாலும் மணலுக்கடியில் ஓடும் ஆறு. ஆஃப்டன் பள்ளத்தாக்கு போன்ற சில இடங்களில் மட்டும் வெளியே வருகிறது. ஆஃப்டனில் செங்குத்தான பாறைகள், நாணல், ஓரத்தில் சரக்கு ரயில். கடக்க வேண்டிய துறையில் முதலில் இறங்கி நடந்தேன். முழங்காலுக்கு மேல் தண்ணீர், அடியில் கூழாங்கல். இரண்டாம் கியரில், வேகம் மாறாமல், எதிர்க்கரையை மட்டும் பார்த்து ஏறினேன். பூட்ஸுக்குள் குளிர்ந்த ஆறு.

கேம்ப் கேடிப் பக்கம் வந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. டிரெய்லரை மனைவி பின்னோக்கி ஓட்டி, பாதையின் முனையில் நேராக நிறுத்தியிருந்தாள். அந்த வேலை எனக்கு இன்றும் அவ்வளவு சுத்தமாக வராது. பைக்கை ஏற்றினோம். கேனில் ஐந்தாறு லிட்டர் மிச்சம். "வீட்டுக்குத் திரும்பத் தூக்கிட்டுப் போகணுமாப்பா?" என்று மகள் கேட்டாள். குடிக்க இரண்டு லிட்டர் எடுத்து வைத்துவிட்டு மீதியை அவளிடம் கொடுத்தேன். பக்கத்தில் நின்ற கிரியசோட் புதரின் தலையில் கவிழ்த்தாள். சின்னச் சின்ன மெழுகு இலைகள் நனைந்ததும், பாலைவனத்தில் மழை வந்தால் எழும் அந்தக் காட்டமான வாசனை எழுந்தது. மகள் புதருக்குள் முகத்தைக் கொண்டுபோய் மூச்சை இழுத்தாள். பின்னால் மனைவி ஸ்ட்ராப்களைச் சுண்டிக்கொண்டிருந்தாள். மூன்று ஒலித்தன. நாலாவதை இறுக்க நான் போனேன்.