புலி வருது... வரலை!

2005ல ராஜஸ்தானோட சரிஸ்கா காட்டுல ஒரு புலிகூட மிச்சமில்லைன்னு தெரிஞ்சப்போ நாடே அதிர்ந்துச்சு. திருட்டு வேட்டைக்காரங்க துடைச்சு எடுத்துட்டாங்க. 2008ல ரந்தம்பூர்லேர்ந்து ஹெலிகாப்டர்ல புலியைக் கொண்டுவந்து விட்டாங்க. 2012ல மறுபடி குட்டிங்க கண்ணுல பட்டுச்சு.

போன மாசம் அங்கே ஜிப்ஸியில மூணு மணி நேரம் சுத்தினோம். மான், மயில், காட்டுப்பன்னி எல்லாம் தரிசனம் தந்துச்சு. தலைவர் மட்டும் வரலை. "காசு தண்டம்"னு பின்சீட்டுல ஒரே புலம்பல். அப்போ கைடு வண்டியை நிறுத்தி மண்ணைக் காட்டினார். புத்தம்புது காலடித் தடம்! புதருக்கு அந்தப் பக்கம் கடமான் ஒண்ணு பதறிக் கத்துச்சு. பின்சீட்டு கப்சிப்.

புலியே இல்லாத காட்டுல புலியைப் பார்க்காம வர்றது வேற. இருக்குற புலி நமக்கு முகம் காட்டாம போறது வேற மக்களே. கொடுத்த காசுக்கு எனக்கு அதுவே போதும் :-)