கோயில்காட்டுக்குக் கணக்கெடுக்கிறவர்கள்

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால், கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயிலைச் சுற்றி ஒரு காடு நிற்கிறது. தெற்கே கடலூர்ப் பக்கம் திருமாணிக்குழியிலும் குழந்தைக்குப்பத்திலும் இதே வகைக் காடு உண்டு. ஆண்டில் ஏறக்குறைய பாதி நாள் வறண்டு கிடக்கும் இந்தக் கரையில், சித்திரை வெயிலிலும் இலை கொட்டிவிடாமல் நிற்கின்றன காசா, வீரை, உலக்கைப் பாலை, இரும்புலி, காட்டெலுமிச்சை மரங்கள். அதனால்தான் தாவரவியலார் இதை வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று தனி வகையாகப் பிரித்தார்கள். இங்கே என்னென்ன செடி இருக்கிறது என்ற பட்டியல் நம்மிடம் நன்றாகவே இருக்கிறது. ஒவ்வொன்றும் எவ்வளவு இருக்கிறது, எதனோடு எது சேர்ந்து வளர்கிறது, பெரிய மரத்தின் அடியில் அதன் கன்று முளைத்திருக்கிறதா என்ற கணக்குதான் போதவில்லை. அந்தக் கணக்கை மனிதக் கையும் கண்ணும்தான் எடுக்க முடியும். எடுக்கிறவர்களை நாம் வேலையில் நிறுத்திவைத்துக்கொள்ளவில்லை என்பதே இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது.

பட்டியலைக் குறைத்துச் சொல்லவில்லை. 1915இல் கேம்பிள் தொடங்கி, பிஷர் 1936இல் முடித்த சென்னை மாகாணத் தாவர நூல் இன்றும் கள ஆய்வாளர்களின் மேசையில் இருக்கிறது. திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியத்தில் (உலர்செடிக் காப்பகத்தில்) இருந்துகொண்டு கே. எம். மேத்யூ பாதிரியார் 1980களில் வெளியிட்ட தமிழ்நாட்டுக் கர்நாட்டிக் பகுதித் தாவரத் தொகுதிகள் இல்லாமல் சமவெளிச் செடி ஒன்றைப் பெயரிட்டுச் சொல்வது கடினம். ஆனால் இந்த நூல்களில் ஆயிரம் மரமாக நிற்கும் இனத்துக்கும் ஒற்றை மரமாக எஞ்சிய இனத்துக்கும் தலைக்கு ஒரு பதிவுதான். ஊரில் என்னென்ன குடும்பங்கள் உண்டு என்று தெரிந்துகொண்டால், எத்தனை வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடாது. கிழட்டுப் பாலை மரங்கள் நிற்கும்வரை பாலை பட்டியலில் இருக்கும். திருவிழாவுக்கு வண்டி நிறுத்த அடித்தரையைக் கூட்டிச் சுத்தம் செய்கிறார்கள், ஆடு மேய்கிறது, பொங்கல் அடுப்பு எரிகிறது. இதனால் இளங்கன்றே இல்லாமல் போயிருந்தாலும் பட்டியலில் ஓர் எழுத்து மாறாது.

அந்த மாற்றம் தெரியவேண்டுமானால் கட்டம் போடவேண்டும். கயிறு கட்டி, மரங்களுக்குப் பத்துக்குப் பத்து மீட்டர், அதற்குள் புதருக்கு ஐந்துக்கு ஐந்து, பூண்டுக்கு ஒன்றுக்கு ஒன்று என்று பிரிக்கிறார்கள். ஒருவர் டேப்பை மார்பு உயரத்தில் சுற்றிச் சுற்றளவைச் சொல்ல, இன்னொருவர் திருப்பிச் சொல்லிக்கொண்டே எழுதுகிறார். காதில் தப்பாக விழுந்த எண்ணைப் பிடிக்க அதுதான் வழி. இந்தக் காட்டில் பெரிய சோதனை காசா. வெட்ட வெட்டத் தூரிலிருந்து துளிர்க்கும் மரம் என்பதால், ஒரே தூரில் பல தண்டுகள் நிற்கும். அத்தனையையும் தனித்தனியே அளந்து, ஒரே மரத்தின் கீழ் எழுதவேண்டும். 20 செ.மீ. சுற்றளவுள்ள இரண்டு தண்டுகளின் வெட்டுமுகப் பரப்பு சேர்ந்து 64 சதுர செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. சோம்பலில் இரண்டையும் கூட்டி 40 என்று எழுதிவிட்டால் அதே மரம் 127 ஆகிவிடும். இல்லாத மரம் காகிதத்தில் வளர்ந்துவிடும். எத்தனை தண்டு என்ற எண்ணுக்கும் தனி மதிப்பு உண்டு. எந்தக் கட்டத்தில் முன்பு விறகு வெட்டியிருக்கிறார்கள் என்பதை அது காட்டிக்கொடுக்கும். இப்படிச் சேர்த்த எண்களிலிருந்துதான் அடர்த்தி, பரவல், ஆதிக்கம் என்ற மூன்றும் கணக்காகின்றன. பெயர் உறுதிப்படாத செடியிலிருந்து ஒரு கிளை செய்தித்தாளுக்குள் போய், செடி உலர்த்தும் பிரஸ்ஸில் அழுந்துகிறது. காய்ந்தால் மறைந்துவிடும் பூவின் நிறம், பால், வாசனை மூன்றையும் அங்கேயே எழுதியாகவேண்டும்.

இதற்கு எதிராக வலுவாகச் சொல்லப்படுவது செயற்கைக்கோள். வானத்திலிருந்து எல்லாம் தெரியும்போது கயிறு எதற்கு என்கிறார்கள். பரப்பை அளக்கச் செயற்கைக்கோளுக்கு இணை இல்லை, அதை மறுக்கவில்லை. ஆனால் இந்திய வன அளவைத் துறையின் வரையறையைப் பாருங்கள்: ஒரு ஹெக்டேருக்குக் குறையாத பரப்பு, 10 சதவீதத்துக்குக் குறையாத கிளைக்கவிப்பு இருந்தால், மரம் எதுவானாலும் நிலம் யாருடையதானாலும் அது காட்டுப் பரப்பு. அதன்படி கடலூர்ப் பக்கத்து முந்திரித் தோப்பும் சவுக்குத் தோப்பும் கணக்கில் சேரும். அரை ஹெக்டேரே உள்ள ஒரு கோயில்காடு சேராது. தேசியத் தரிசு நில வரைபடத்தில் புதர் நிலமே தரிசின் ஒரு வகையாகத்தான் வருகிறது. களாவும் காரையும் மிளகரணையும் பின்னிக் கிடக்கும் நிலத்துக்கு அந்தப் பெயர் விழுந்துவிட்டால், அடுத்து வருவது மனைப்பிரிவோ சூரியமின் பலகையோ. அப்போது தடுத்துச் சொல்ல, அந்த இடத்தில் எடுத்த எண் ஒன்று கையில் இருக்கவேண்டும். இத்தனை சின்னத் துண்டுகளைக் காத்து என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஆரோவில்லைக் காட்டலாம். செம்மண் அரித்துக் கிடந்த மேட்டில் இந்த வகைக் காட்டைத் திரும்ப வளர்த்தவர்களுக்குச் சுற்றுப்புறக் கோயில்காடுகளிலிருந்தும் விதை கிடைத்தது.

இன்னொரு மறுப்பு, கைப்பேசிச் செயலி படம் பார்த்தே பெயர் சொல்லிவிடுகிறதே என்பது. பூத்த செடிக்கு அது உதவும். கட்டத்துக்குள் நிற்பவற்றில் பெரும்பாலானவற்றில் பூவும் இருக்காது, காயும் இருக்காது. முழங்கால் உயரக் கன்றுகள் அவை. அங்கேதான் உள்ளூர் உதவியாளர்கள் தேவைப்படுகிறார்கள். இலை நுனியில் பிளவு இருந்து, கிள்ளினால் பால் வந்தால் பாலை. கசக்கினால் எலுமிச்சை மணம் வந்தால் காட்டெலுமிச்சை. இலையின் அடி ஒருபக்கம் சாய்ந்திருந்தால் வீரை. அடியிலிருந்தே நரம்புகள் பிரிந்து ஓடினால் எட்டி. ஆடு மேய்த்தவர்களும் மூலிகை பறிக்கும் இருளர்களும் இதை நடந்துகொண்டே சொல்கிறார்கள். நாட்டுப் பெயர் ஊருக்கு ஊர் மாறுமே, நம்பலாமா என்ற சந்தேகம் நியாயமானது. அதைத் தீர்க்கத்தான் மாதிரிக் கிளை ஹெர்பேரியத்துக்குப் போகிறது. பெயரைச் சரிபார்ப்பது அங்கே நடக்கட்டும். இது வேறு, அது வேறு என்று கட்டத்தில் பிரித்துச் சொல்லும் கண் அதற்கு முன்னால் வேண்டும். அந்தக் கண்ணுக்குத் தினக்கூலியும் ஆய்வுக் கட்டுரையின் கடைசியில் ஒரு நன்றி வரியும் போதும் என்று நினைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கோயில் தரப்பின் தயக்கத்தை மட்டும் முழுதாக ஏற்கிறேன். சாமி மரத்தில் ஆணி அடித்து எண்தகடு மாட்டக்கூடாதென்றால் மாட்டவேண்டாம். கட்டத்தின் இரண்டு மூலைகளிலிருந்து மரத்துக்கு உள்ள தூரங்களைக் குறித்துவைத்தால் அந்த மரத்தை மறுபடி கண்டுபிடிக்கலாம்.

மறுபடி போவதுதான் இந்த வேலையின் உயிர். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் தரையெல்லாம் முளைக்கும் ஓராண்டுப் பூண்டுகள் வைகாசியில் இருக்காது. கோடையில் மட்டும் எடுத்த கணக்கில் அவை இல்லாத செடிகள். மரங்களுக்கு ஆண்டுகள் வேண்டும். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் பார்த்தசாரதியும் அவருடைய மாணவர்களும் குழந்தைக்குப்பத்திலும் திருமாணிக்குழியிலும் 1992இல் போட்ட கட்டங்களை 2002இல் மறுபடி அளந்தார்கள். எந்த மரம் செத்தது, எது தடித்தது, எது புதிதாக அளவுக்குள் வந்தது என்று பேச முடிந்தது அதனால்தான். இத்தகைய திரும்பக் கணக்கெடுப்பு எல்லாக் கோயில்காட்டுக்கும் கிடைப்பதில்லை. ஆய்வுத் திட்டப் பணம் வழக்கமாக இரண்டு மூன்று ஆண்டோடு நின்றுவிடுகிறது. மாணவர் பட்டம் வாங்கிப் போகிறார். கட்டத்தின் மூலைகள் எங்கே என்று தெரிந்த உதவியாளர் வேறு கூலிக்குப் போகிறார். பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் ஊராட்சியிலும் மேலாண்மைக் குழு இருக்கவேண்டும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதவேண்டும். அந்தப் பதிவேட்டில் செடிப் பெயர்களோடு, நிலையான நான்கைந்து கட்டங்களின் எண்களும் சேரட்டும். உதவியாளர்களில் ஒருவருக்காவது அந்தக் கட்டங்களைப் பார்த்துக்கொள்ள மாதச் சம்பளம் கிடைக்கட்டும். ஒரு டேப், ஒரு கயிறு, ஒரு நோட்டு, அவர் சம்பளம்: ஓர் ஊராட்சிக்கு ஆகும் செலவு இவ்வளவுதான்.