அப்பா போனுக்கு வரும் ஆறு எண்

ஒரு வெப் அப்ளிகேஷன் எழுத உட்கார்ந்தால் பெரும்பாலும் முதலில் முடிக்கும் வேலை பதிவுப் பக்கம்தான். பெயர், மின்னஞ்சல், கடவுச்சொல். பொத்தானை அழுத்தியதும் டேட்டாபேஸில் ஒரு வரி உருவாகும். ஆனால் இந்தக் கணக்கு இன்னும் செயலுக்கு வரவில்லை என்று பக்கத்தில் ஒரு குறிப்பு இருக்கும். மின்னஞ்சலுக்கு ஒரு லிங்க் போகும். யாராலும் ஊகிக்க முடியாத நீண்ட எழுத்துச்சரம் அதில் இருக்கும், கொஞ்ச நேரத்தில் காலாவதியாகிவிடும். அதைத் தொட்டால் குறிப்பு மாறும். அவ்வளவுதான். பிழைப்புக்காக இதை நான் பலமுறை எழுதியிருக்கிறேன். முதலில் ஆள் வருவார், பிறகு கணக்கு வரும் என்ற வரிசையை அதில் யாரும் கேள்வி கேட்பதில்லை.

பிஎஃப்பில் வரிசை தலைகீழாக இருந்தது. கணக்கு முதலில் வந்துவிடும். 2025 ஜூலை வரை, வேலைக்குச் சேர்ந்ததும் கம்பெனியோ கான்ட்ராக்டரோ ஆதாரைக் கொடுத்து 12 இலக்க யுஏஎன் எண் ஒன்றை வாங்கிவிடுவார்கள். அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படியில் 12 விழுக்காடு பிடிப்பார்கள். நிறுவனம் தன் பங்குக்கு அதே அளவு போட வேண்டும், அதில் 8.33 ஓய்வூதியத்துக்குப் போகும். மாதாமாதம் பணம் சேரும். ஆள் மட்டும் அந்தப் பக்கம் வந்தே இருக்க மாட்டார்.

2024-25 நிதியாண்டில் நாடு முழுக்க சுமார் 1.26 கோடி யுஏஎன் எண்கள் கொடுக்கப்பட்டன. அவற்றில் உறுப்பினர்களே ஆக்டிவேட் செய்தவை 44.68 லட்சம், அதாவது 35 விழுக்காடு சொச்சம். அரசே வெளியிட்ட கணக்கு இது. என் தொழிலில் மூன்றில் இரண்டு பேர் லிங்க்கைத் தொடவில்லை என்றால் வெறும் விளம்பரச் செலவு வீண் என்பார்கள். இங்கே நஷ்டம் வேறு. ஆக்டிவேட் செய்தால்தான் இணையத்தில் பாஸ்புக்கைத் திறக்க முடியும். சம்பளத்தில் பிடித்ததைக் கட்டினார்களா என்பது அதில்தான் தெரியும்.

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் சாலையில் இது சின்ன விஷயமில்லை. எட்டு மாதம் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனி, பதினோரு மாதம் ஒரு செல்போன் கம்பெனி என்று மாறிக்கொண்டே இருப்பவர்களின் ஊர் இது. முன்பெல்லாம் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு பிஎஃப் நம்பர். எல்லாவற்றையும் ஒன்றாகக் கோக்கத்தான் 2014 அக்டோபரில் யுஏஎன் வந்தது. அடுத்த மாதமே, நவம்பர் 1-ஆம் தேதி, இங்கே நோக்கியா ஆலை மூடப்பட்டது.

2024 டிசம்பரில் சுங்குவார்சத்திரத்தில் ஒரு நெட் சென்டரில் பிரிண்ட் எடுக்கப் போயிருந்தேன். மத்திய அரசின் வேலைவாய்ப்பு ஊக்கத்தொகைத் திட்டத்துக்காக யுஏஎன்னை ஆக்டிவேட் செய்யச் சொல்லி கெடு வைத்திருந்தார்கள். நவம்பர் 30 என்பது டிசம்பர் 15 ஆகி, மேலும் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. கடையில் கூட்டம். "நீங்க கம்ப்யூட்டர்காரர்தானே, இந்தப் பொண்ணுக்குக் கொஞ்சம் பாருங்க" என்று கடைக்காரர் என்னை உட்கார வைத்துவிட்டார்.

இருபது வயதிருக்கும். நைட் ஷிப்ட் முடித்து கம்பெனி பஸ்ஸிலிருந்து நேரே வந்திருந்தாள். பெயரிலேயே நின்றது. ஆதாரில் இனிஷியல் பின்னால், பே ஸ்லிப்பில் முன்னால். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று கேட்டுப் பழகிய உலகத்துக்கு நம் இனிஷியல் எப்போதுமே தலைவலி. ஒருவழியாக அது தேறியது. அடுத்து ஓடிபி. அது ஆதாரில் இருக்கும் போனுக்குத்தான் போகும்.

"அது அப்பா நம்பர்ண்ணா. பள்ளிக்கூடத்துல படிக்கும்போது குடுத்தது."

அப்பா திருவண்ணாமலைப் பக்கம் ஒரு கிராமத்தில் கழனியில் இருந்தார். ஸ்பீக்கரில் போட்டாள்.

"அப்பா, ஆறு நம்பர் வந்திருக்கும் பாரு, படி."

"வந்திருக்கு. யாருக்கும் சொல்லாதன்னு பேங்க்ல சொல்லியிருக்காங்களே."

"நான்தான்ப்பா கேக்கறேன்."

"நீதான், தெரியுது. பக்கத்துல யாரு இருக்கா?"

நியாயமான கேள்வி. அவர் யோசித்து, பிறகு ஒவ்வொரு எண்ணாகப் படித்து முடிப்பதற்குள் நேரம் கடந்துவிட்டது. இரண்டாவது முறைதான் ஏற்றுக்கொண்டது. கடவுச்சொல்லும் அவர் போனுக்கே குறுஞ்செய்தியாகப் போனது. ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நடுவில் ஒரு குறி. அதைப் படிக்க அவர் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட வேண்டியிருந்தது.

பதிவுப் பக்கம் எழுதுகிறவர்கள் ஒரு போனை ஒரு ஆளாக எடுத்துக்கொள்கிறோம். எங்கள் மேசைகளில் அது சரிதான். வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும்படி சிப்காட் கட்டிய விடுதியை 2024 ஆகஸ்டில் முதலமைச்சர் திறந்துவைத்தார். அப்படிப்பட்ட விடுதிகளிலும் சுற்றியுள்ள வாடகை அறைகளிலும் இருப்பவர்களில் எத்தனை பேரின் ஆதாருக்குப் பின்னால் ஊரில் ஒரு அப்பாவோ அண்ணனோ இருப்பார்கள் என்று அன்று நினைத்துக்கொண்டேன். 2025 ஆகஸ்ட் 1 முதல் புது எண்களை உமங் செயலியில் முகம் காட்டித்தான் பெற வேண்டும். பெயர்ப் பிழை, எண் பிழை குறையும், நல்லதுதான். ஆனால் அங்கேயும் முதலில் கேட்பது ஆதாரோடு இணைந்த போன் எண்ணைத்தான்.

ஆக்டிவேட் ஆனவுடன் பாஸ்புக் திறக்காது, சில மணி நேரம் ஆகும். மறுநாள் அதே நேரத்துக்கு வரச் சொன்னேன். வந்தாள். மறுபடி அப்பா, மறுபடி ஆறு எண். இந்த முறை அவர் எதுவும் கேட்காமல் மளமளவென்று படித்தார்.

பே ஸ்லிப்புகளைக் கொண்டுவந்திருந்தாள். பதினான்கு மாதம், மாதம் 1,440 ரூபாய் பிடித்தம். பாஸ்புக்கில் ஒன்பது மாதம்தான் இருந்தது. விரலை வைத்து வைத்து மேலிருந்து கீழே இரண்டு தரம் எண்ணினாள்.

"மீதி அஞ்சு மாசம் அப்புறமா ஏறுமாண்ணா?"

தாமதமாகக் கட்டினால் ஏறும். ஆனால் நடுவில் விட்டுப்போன மாதங்களாக இருந்தன. கான்ட்ராக்டர் கட்டாவிட்டால் வேலை வாங்கிய முதன்மை நிறுவனம்தான் கட்டியாக வேண்டும், 1952-ஆம் ஆண்டு பிஎஃப் சட்டமும் அதன் கீழ் உள்ள திட்டமும் அப்படித்தான் சொல்கின்றன என்றேன். அதை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னாள். எழுதிக் கொடுத்தேன். பாஸ்புக்கை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டாள்.

"ரூம்ல இன்னும் நாலு பேர் இருக்காங்கண்ணா. அதே கான்ட்ராக்டர்தான். நாளைக்குக் கூட்டிட்டு வரட்டுமா?"

கடைக்காரர் என்னைப் பார்க்காமலே பதில் சொன்னார்: "கூட்டிட்டு வாம்மா. அப்பாங்களை போன்ல சார்ஜ் போட்டு வெச்சிருக்கச் சொல்லு."