குலை தள்ளுமுன் வெட்டும் வாழை

அவாசா, எத்தியோப்பியா

அன்புள்ள சித்தப்பா,

"பஞ்சம் வந்த நாட்டில் ஜனங்கள் எதைத் தின்று பிழைத்தார்கள்?" என்று போனில் கேட்டீர்களே, வாழை போடுகிற உங்களுக்கு அதை விவரமாகவே எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

இந்தத் தெற்கு மலைப்பகுதியில் வீட்டைச் சுற்றி என்செட் நிற்கிறது. வாழைக் குடும்பம்தான். ஆனால் பழம் வெறும் கொட்டை, யாரும் தொடுவதில்லை. தண்டுப் பட்டையும் கிழங்கும்தான் சாப்பாடு. பல வருடம் வளர்த்து, பூ விடுமுன் வெட்டிவிடுகிறார்கள். குலை தள்ளினால் சத்தெல்லாம் அதற்கே போய்விடும்.

அதற்குப்பின் எல்லாம் பெண்கள் கைவேலை. சாய்த்து நிறுத்திய பலகையில் பட்டையை வைத்து, ஒரு காலைத் தூக்கிக் குதிகாலால் அழுத்திக்கொண்டு, மூங்கில் பத்தையால் வழிக்கிறார்கள். சதை கீழே விழ, கையில் நார் மிஞ்சுகிறது. அது கயிறுக்கு. கிழங்கையும் துருவிக் கலந்து, என்செட் இலை பரப்பிய குழியில் மூடிப் புளிக்க வைக்கிறார்கள். மாதக்கணக்கில் கெடாது. வேண்டியபோது எடுத்துப் பிழிந்து, இலையில் பொதிந்து சுட்டால் கோச்சோ ரொட்டி. புளித்த வாடை மூக்கில் ஏறும். ஆனால் கீரையோடு சேர்த்தால் எனக்கு மிகவும் பிடித்துவிட்டது.

கன்று எடுப்பதைக் கேளுங்கள். நம் வாழை மாதிரி பக்கக்கன்று தானாக வராது. இளங்கிழங்கின் நடுக்குருத்தைக் குடைந்து எடுத்துவிட்டு மண்ணில் புதைத்தால், ஒரே கிழங்கிலிருந்து ஐம்பதுக்கு மேலும் முளைக்கிறது!

1984-85இல் வறட்சியும் போரும் சேர்ந்து வடக்கே லட்சக்கணக்கான உயிரைக் கொண்டுபோயின. என்செட்டை நம்பிய மலைகளில் அத்தனை சாவு இல்லை. பருவமழை பொய்த்தால் தானியம் அந்த வருடமே போச்சு. இது தாங்கி நிற்கும், எந்த மாதமும் வெட்டலாம். ஏறக்குறைய 2 கோடிப் பேருக்கு இன்றும் இதுதான் ஆதாரம். 1770வாக்கில் இங்கு வந்த ஜேம்ஸ் புரூஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர், வடக்கே தானா ஏரிப் பக்கமும் இதைப் பயிரிட்டு உண்டதாக எழுதியிருக்கிறார். அங்கே அது வழக்கொழிந்துவிட்டது. நினைத்தால் மனசு ஆறவில்லை.

இப்போது பெரிய கவலை வாடல் நோய். வெட்டினால் மஞ்சளாகச் சீழ் வடிகிறது. பாக்டீரியா என்பதால் கத்தி வழியே தோட்டம் விட்டுத் தோட்டம் பரவுகிறது. 2001இல் உகாண்டா வாழையிலும் இதே நோயைக் கண்டிருக்கிறார்கள். நோய் கண்ட மரத்தைத் தோண்டிப் புதைக்கச் சொல்கிறார்கள், கத்தியை நெருப்பில் காட்டச் சொல்கிறார்கள். வாடல் வந்தால் அரிவாளுக்கு நீங்கள் என்ன செய்வீர்கள்? எழுதுங்கள், பக்கத்து வீட்டம்மாவிடம் சொல்கிறேன்.

சித்தியைக் கேட்டதாகச் சொல்லவும்.

அன்புடன்,
செல்வம்